கண்ணில் பட்ட பச்சை லேசர்: வெறும் கூச்சமா, விழித்திரைக் காயமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ராணுவப் பொறியாளர் பிரிவான எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பணிபுரியும் என் தம்பிக்கு, வெளியூர் முகாமில் நடந்த இரவுப் பயிற்சியின்போது பச்சை லேசர் கண்ணில் பட்டிருக்கிறது. சில நிமிடங்கள் எதுவும் தெரியவில்லையாம். வலி இல்லை, ஆனால் மூன்று நாளாகியும் வலக்கண் பார்வையின் நடுவே சாம்பல் நிறப் புள்ளி ஒன்று நிற்கிறது. மெடிக்கல் கேட்டகரி (ராணுவத்தில் தரும் உடல்தகுதித் தரம்) இறங்கிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருக்கிறான். சொட்டு மருந்து விட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. விழித்திரையில் காயம் இருந்தால் சொட்டு மருந்து அதை ஆற்றாது. மூன்று நாளாகியும் மறையாத புள்ளியைக் கூச்சத்தின் மிச்சம் என்று விட்டுவிடவும் முடியாது. விடுமுறையில் ஊருக்கு வரும்வரை காத்திராமல், உங்கள் தம்பி இன்றே படைப்பிரிவின் மருத்துவ அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

கடும் ஒளி கண்ணுக்குள் சிதறி எதிரில் உள்ளதை மறைப்பது கூச்சம். ஒளி விலகியதும் அதுவும் விலகிவிடும். அதே ஒளி விழித்திரையின் நிறமிகளை வெளுக்கச் செய்தால், சில நொடிகளோ நிமிடங்களோ பார்வை தெரியாமல் போகும். இருட்டுக்குப் பழகியிருந்த கண் அந்தப் பழக்கத்தை முழுவதும் மீட்க ஏறத்தாழ 30 நிமிடம் பிடிக்கும். இரவில் வண்டி ஓட்டுபவருக்கு இது உயிராபத்தாகலாம் என்றாலும், கண்ணைப் பொறுத்தவரை இவ்விரண்டும் தாமே சரியாகிவிடுபவை.

காயத்தின் கதை வேறு. கார்னியாவும் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலம்) லென்சும் லேசர் கற்றையை ஒரு புள்ளியில் குவிப்பதால், அதன் செறிவு விழித்திரையை அடையும்போது சுமார் 1 லட்சம் மடங்கு கூடிவிடுகிறது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்புகள் இல்லாததால், நடுப்பார்வைக்குரிய இடம் சுட்டாலும் வலிக்காது. ஆகவே வலியில்லை என்பதை ஆறுதலாகக் கொள்ள வேண்டாம். இமை மூடச் சுமார் 0.25 நொடி ஆகும். தூரம் அளக்கும் சில ராணுவக் கருவிகளின் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்போ நொடியில் 10 கோடியில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும்; கண்ணுக்குத் தெரியாத அதற்கு இமை மூடவும் வழியில்லை.

நிரந்தரக் குருட்டை உண்டாக்குவதற்கென்றே வடிவமைத்த லேசர் ஆயுதங்களை 1995-இல் ஏற்கப்பட்டு 1998-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நெறிமுறை தடை செய்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. தற்காலிகமாகக் கூசவைக்கும் லேசர் கருவிகளான டேஸ்லர்கள் அந்தத் தடைக்குள் வருவதில்லை. ஆனால் குறித்த தூரத்தில் கூசவைப்பதோடு நின்றுவிடும் டேஸ்லர், மிக அருகில் விழித்திரையைப் பொசுக்கிக் காயப்படுத்தவும் கூடும்.

எனவே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: ஒளியின் நிறம், ஏறத்தாழ எவ்வளவு தூரம், நேராகப் பார்த்தாரா அல்லது பைனாகுலர் வழியாகவா (அதில் பட்ட ஒளி பல மடங்கு கேடானது), எவ்வளவு நேரம். அதுவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடுகள் வளைந்தோ அறுந்தோ தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளட்டும். கண்ணைக் கசக்கவே கூடாது. லேசர் செய்யாத கீறலைக் கையே கார்னியாவில் செய்துவிடும். விழித்திரைப் பரிசோதனையும், விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் காயத்தின் ஆழத்தைக் காட்டும். சில காயங்கள் வாரங்களிலோ மாதங்களிலோ பெருமளவு தேறுகின்றன. நடுமையத்தில் பட்டவை நிலையான புள்ளியை விட்டுச்செல்வதும் உண்டு. உறுதியான பலன் தரும் சிகிச்சை இன்னும் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு வாங்கிப் போடுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

பாதுகாப்புக் கண்ணாடி அந்தந்த அலைநீளத்துக்கு உரியது. 532 நானோமீட்டர் பச்சையைத் தடுக்கும் கண்ணாடி 1064-ஐ விட்டுவிடலாம்.

கேட்டகரி பற்றிய அச்சம் புரிகிறது. ஆனால் ராணுவத்தில் தற்காலிகமாகத் தரம் குறைத்து, பின்னர் மறுபரிசோதனை செய்து உயர்த்தும் முறை இருக்கிறது. சம்பவம் நடந்த சமயத்திலேயே பதிவானால், அது பணியின்போது நேர்ந்தது என்பதற்கு அந்தப் பதிவே ஆதாரமாகும். மாதங்கள் கழித்து வருடாந்திரப் பரிசோதனையில் தழும்பு கண்டுபிடிக்கப்பட்டால், எப்போது, எப்படி வந்தது என்று நிறுவுவது கடினமாகிவிடும்.