மகளின் முதல் வாடகை வீடு: ஒப்பந்தம் யார் பெயரில்?

கேள்வி: நாங்கள் திருக்கோவில். 24 வயது மகளுக்கு மட்டக்களப்பு டவுனில் வேலை கிடைத்திருக்கிறது. கல்லடியில் ஒரு மேல்மாடி வீடு பார்த்தோம். மாதம் 30,000 ரூபாய், ஆறு மாத வாடகை அட்வான்ஸ். வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், அவருடைய மச்சான்தான் பேசுகிறார். "பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் பெயரிலேயே எழுதுவோம், முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் போதும்" என்கிறார். ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் அட்வான்ஸ் திரும்பாதாம். ஒரு சாவி அவரிடமும் இருக்குமாம். கையெழுத்து வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வைக்காதீர்கள். வீடு நல்ல வீடாக இருக்கலாம், மச்சானும் நல்ல மனிதராக இருக்கலாம். பேப்பர்தான் சரியில்லை.

முதலில் முத்திரை விஷயம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை முத்திரை ஒட்டினாலும் அது ஒரு வருட ஒப்பந்தமாகாது. பிள்ளை அங்கே இருந்து வாடகை கொடுத்து வந்தால், மாதாந்த வாடகைக் குடியிருப்பாகவே கருதப்படும். அதை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் போதும்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். "ஒரு வருடம் இருக்காவிட்டால் அட்வான்ஸ் இல்லை" என்று அவர் அந்தப் பேப்பரைக் காட்டி வாதாடுவது கஷ்டம். அதேபோல, நாளைக்கே கூடுதல் வாடகைக்கு ஆள் வந்தால், உங்கள் மகளை ஒரு மாத அறிவித்தலோடு எழும்பச் சொல்லவும் அவரால் முடியும். 1,80,000 ரூபாய் அவர் கையில் இருக்கும்போது யார் அலைய வேண்டிவரும் என்று யோசித்துப் பாருங்கள். வாடகைச் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் விலக்குகள் ஏராளம், புது வீடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

ஆகவே நொத்தாரிசிடம் போங்கள். எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதிவும் செய்யுங்கள். இடையில் வீடு விற்கப்பட்டாலும், வாங்குகிறவர் குத்தகைக் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பெயர். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் பேசுவோம். அந்தப் பழக்கமோ என்னவோ, பிள்ளை வாடகைக்குப் போகிறது என்றாலே அப்பாமார் தாங்களே குடிபோவது மாதிரிப் பேனையை எடுத்துவிடுகிறார்கள். 18 வயது முடிந்தால் பிள்ளை தானே ஒப்பந்தம் செய்யலாம். உங்கள் பெயரில் எழுதினால் சட்டத்தின் கண்ணில் வாடகைக்காரர் நீங்கள், மகள் உங்கள் சார்பில் தங்குகிறவர். நாளைக்கு வீட்டுக்காரரோடு பிரச்சினை வந்தால் மகள் சொந்தமாக எதையும் கேட்க முடியாமல் போகும். மகள் பெயரிலேயே எழுதுங்கள். அட்வான்ஸ் உங்கள் பணம் என்றால், அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றும் உறுதியிலேயே ஒரு வரி இருக்கட்டும்.

உங்களிடம் பிணை கேட்டால் நிற்கலாம். இன்னொருவர் கடனுக்கு வாயால் சொல்லும் பிணை வழக்கில் நிற்காது, எழுத்தில் வேண்டும். அந்த எழுத்தில் தொகைக்கு ஒரு உச்சவரம்பு போடுங்கள். பணத்தை வீட்டுக்காரர் முதலில் மகளிடம்தான் கேட்க வேண்டும் என்ற உங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வாசகம் நடுவில் ஒளிந்திருக்கும், அதை வெட்டச் சொல்லுங்கள்.

மச்சான் எந்த அதிகாரத்தில் கையெழுத்து வைக்கிறார்? கனடாக்காரர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின், அதாவது தன் சார்பில் கையெழுத்து வைக்க எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். காணி சொந்த உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பதும் முக்கியம். நம் அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டங்களிலும் பெர்மிட் காணி நிறைய. அனுமதியில்லாமல் அதைக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது, நொத்தாரிசும் அத்தாட்சிப்படுத்தக்கூடாது.

சாவி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாடகைக்குக் கொடுத்த வீட்டை வாடகைக்காரர் தொந்தரவில்லாமல் அனுபவிக்க விட வேண்டும். பார்க்க வருவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரட்டும். பூட்டை மாற்றிப் பிள்ளையைப் பலவந்தமாக வெளியேற்றினால், இரண்டு மாதத்துக்குள் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் கீழ் முறையிட்டு மீண்டும் குடியேறக் கேட்கலாம். பொலிஸில் முறைப்பாடு போட்டுவிட்டு நாளைக் கடத்திவிடக் கூடாது.

சாமான் இறக்குகிற அன்று, கட்டிலைப் பூட்டுவதற்கு முன்னால் வீட்டைப் போனில் வீடியோ எடுங்கள். மின்மானி, தண்ணீர் மானி எண்கள், கடல் காற்றில் உப்புப் பிடித்த ஜன்னல் கொழுக்கிகள், மேல்தட்டில் மாரி மழை ஒழுகிய கறை எல்லாம் தெரியட்டும். கார்த்திகை, மார்கழியில் கூரை ஒழுகினால் யார் செலவில் திருத்துவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸைத் திருப்பும்போது கழிக்கிற கணக்கு பெரும்பாலும் இதில்தான் வரும். அப்படித் தகராறு வந்தால் சின்னத் தொகைக்கு நேரே வழக்குப் போட முடியாது, முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கேயும் அந்த வீடியோ பேசும்.

நொத்தாரிசே வேண்டாம் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றால், சரி, மாத வாடகையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாகப் போகட்டும்.