அமெரிக்காவில் யூத சமூக மையங்களுக்கு எல்லா வயதுக்காரர்களும் வருகிறார்களாமே, எப்படி? யூதர் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நாங்கள் நான்கு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் ஒன்று இருக்கிறது. இங்கிலீஷ் பெயரைச் சுருக்கி ஜே.சி.சி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மகளுக்கு மூன்று வயதானபோது, சாயங்காலம் ஆறு மணி வரை பார்த்துக்கொள்ளும் பாலர் பள்ளி தேடி அலைந்தோம். அங்கேதான் இடம் கிடைத்தது. யாருடையது என்றெல்லாம் யோசிக்கவில்லை, சேர்த்துவிட்டோம்.

இது கோயில் இல்லை. வழிபாட்டுக்கு ஜெப ஆலயம் தனியாக உண்டு. இங்கே நீச்சல் குளம், ஜிம், பாலர் பள்ளி, கூடைப்பந்து மைதானம், நாடக அரங்கு, வயதானவர்கள் உட்கார ஒரு கூடம். ஆரம்பத்தில் இது இளைஞர்களுக்கான சங்கம்தான். 1854இல் பால்டிமோரில் முதல் சங்கம் தொடங்கியது. நியூயார்க்கில் 1874இல் தொடங்கியது 92ஆம் தெருவில் இன்றும் பெரிய கலை மையமாக நடக்கிறது. அப்புறம் ரஷ்யப் பேரரசிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் லட்சக்கணக்கில் யூதர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க, வேலைக்குத் தயார்படுத்த இந்த மாதிரிச் சங்கங்கள் உதவின. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபோக, மையங்களும் பின்னாலேயே வந்தன.

சரி, எல்லா வயதும் எப்படிச் சேர்கிறது? நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனி வகுப்புதான் போட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் சேர்த்துவைப்பது வாசல்தான். பெரிய கட்டடம், ஆனால் உள்ளே போக ஒரே வழி. பாதுகாப்புக்காக அப்படி. காலை ஒன்பதரைக்குக் குழந்தைகளை விட வரும் அப்பா அம்மாக்களும், தண்ணீரில் நின்று உடற்பயிற்சி செய்துவிட்டு ஈரத்தலையோடு வரும் எழுபது வயதுப் பாட்டிகளும் அந்த முன்கூடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே நாலு சோபா, ஒரு காபி மெஷின். தினமும் பார்க்கும் முகத்திடம் எத்தனை நாள் பேசாமல் இருப்பீர்கள்?

எங்கள் அம்மா ஆறு மாதம் வந்திருந்தபோது, பேத்தியை விட்டுவிட்டு அந்த சோபாவில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்துக் கூடத்தில் செவ்வாய்தோறும் மாஜாங் நடக்கும். வில்லைகளை வைத்து ஆடும் சீன விளையாட்டுத்தான், ஆனால் அமெரிக்க யூதப் பெண்கள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். 1937இல் அதற்கென்று நியூயார்க்கில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். எந்தெந்தச் சேர்க்கைக்கு வெற்றி என்று வருடா வருடம் புது அட்டை போடுகிறார்கள். வில்லைகள் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் என்னிடம், "ஏல, இது ரம்மில்லா!" என்றார். உண்மையிலேயே ரம்மி மாதிரி செட் சேர்க்கிற ஆட்டம்தான். மூன்றாவது வாரம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் இருபது வார்த்தை தெரியும். அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஹல்லா என்ற பின்னல் ரொட்டிக்கு மாவு பிசைவார்கள். மாலையில் ஷபாத், அதாவது யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள், தொடங்குகிறதே, அதற்கு. ஒருநாள் அதைப் பின்னக் காட்டிக்கொடுக்க எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்தார். கை லேசாக நடுங்குகிறது, ஆனால் மூன்று கயிறாக உருட்டிய மாவு விரலுக்குள் போய்ப் போய் வருகிறது. என் மகள், "இது என் ஜடை!" என்று தமிழிலேயே கத்தினாள். பாட்டிக்கு வார்த்தை புரியவில்லை. தலையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மாவுக் கையோடு ஜடையைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கு எண்ணெய்த் தலையில் மாவு ஒட்டி நான் பட்ட பாடு தனிக்கதை.

சாப்பாட்டு விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். யூத முறையில் இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது. அதனால் எங்கள் மையத்தில் பிள்ளைகளின் டப்பாவில் பால், சைவ உணவு மட்டும்தான். தெரியாமல் நான் சிக்கன் கட்டிக் கொடுத்து, அது அப்படியே திரும்பி வந்தது. தயிர்சாதத்துக்குத் தடையே இல்லை.

கொஞ்சம் கசப்பான பக்கமும் உண்டு. வாசலில் காவலர் ஏன் என்றால், 2014இல் கான்சாஸ் மாநிலத்து ஓவர்லாண்ட் பார்க் நகரில் யூதர்களைக் கொல்ல வந்த ஒருவன் சமூக மைய வளாகத்திலும் அருகிலிருந்த யூத முதியோர் இல்லத்திலும் சுட்டான். இறந்த மூவருமே கிறிஸ்தவர்கள். அதில் இருவர், பாட்டுப் போட்டித் தேர்வுக்கு வந்த 14 வயதுப் பையனும் அவனைக் கூட்டிவந்த தாத்தாவும். அதைப் படித்த நாளிலிருந்து பையைத் திறந்து காட்டச் சொன்னால் நான் முணுமுணுப்பதில்லை.

எல்லா வயதும் என்று சொல்வதிலும் ஓட்டை இருக்கிறது. பதின்ம வயதினர் கோடை முகாமில் சின்னப் பிள்ளைகளை மேய்க்க வருவார்கள். அவர்களுக்கு மக்காபி என்ற பெயரில் விளையாட்டுப் போட்டி உண்டு, 1982இலிருந்து நடக்கிறது. வெளியூரிலிருந்து ஆட வரும் பிள்ளைகளை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைப்பது அதில் வழக்கம். ஆனால் கல்லூரி முடித்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை உள்ள ஆட்களை எங்கள் மையத்தில் ஜிம்முக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. கட்டணமும் சல்லிசு கிடையாது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

சேர்வதற்கு முன் ஒருநாள் சுற்றிப் பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள், அடையாள அட்டை கொண்டுபோங்கள். பாலர் பள்ளியில் போடுவதாக இருந்தால் விடுமுறைப் பட்டியலை முதலில் வாங்கிப் பாருங்கள். யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர் நோன்பு, சுக்கோத் பண்டிகை எல்லாம் செப்டம்பர், அக்டோபரில் வரிசையாக வரும். ஆபீஸ் லீவைத் தீபாவளிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தீர்களானால் மாட்டிக்கொள்வீர்கள்.