சிறுவிடைக்குப் பெரிய சேவல் சேர்க்கலாமா?

கேள்வி: அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சிறுவிடைக் கோழிகள்தான் (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி). இப்போது ஒரு சேவல், ஏழு பெட்டைகள். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஈட்டிலும் (ஒருமுறை அடைவைப்பதில்) பாதி கூமுட்டை, பொரித்த குஞ்சுகளும் நோஞ்சான். "ரத்தம் கெட்டுப்போச்சு, பெரிய சேவல் தர்றேன், குஞ்சை நானே வாங்கிக்கிறேன்" என்கிறார் ஒரு வியாபாரி. நம்பலாமா? (பெரம்பலூர் வாசகி)

பதில்: நம்பாதீர்கள். சேவலை மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அவர் சொன்னதில் சரி. உங்கள் சேவல் இப்போது பெரும்பாலும் தன் மகள்களோடே இணைசேர்கிறது. கூமுட்டையும் நோஞ்சான் குஞ்சும் அதனால் வரலாம். குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் ஏழாம் நாள் போடும் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் போடும் ஊசியும் தவறியிருந்தால் அதையும் இந்த ஈட்டிலேயே சரிசெய்யுங்கள்.

அவர் தரும் பெரிய சேவல் பெரும்பாலும் பல தலைமுறையாக இன்குபேட்டரில் பொரித்த கலப்பு. முதல் ஈட்டுக் குஞ்சு எடை போடும், மனசு குளிரும். அவற்றின் மகள்கள் பெரும்பாலும் அடை உட்காராது. அப்புறம் ஒவ்வொரு முறையும் அவரிடமே குஞ்சு வாங்க வேண்டும். 2012-இல் பெருந்துறை ஈமு வளர்ப்பு மோசடி, 2019-இல் மகாராஷ்டிரத்துக் கருங்கோழி (கடக்நாத்) வளர்ப்பு மோசடி, இரண்டிலும் "திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற பேச்சை நம்பித்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தன. நிறத்தைக் காட்டி "சுத்த இனம்" என்று ஒருவர் சொன்னாலும் கேட்காதீர்கள். சிறுவிடை எல்லா நிறத்திலும் உண்டு. அரசுத் திட்டங்களோ குஞ்சுகளை எண்ணிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகின்றன. அவை ஊர்க்கோழியோடு கலந்தால் என்ன ஆகும் என்று பெரிதாக யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

நான்கைந்து ஊர் தள்ளி, தாயோடு மேய்ந்து வளர்ந்த சிறுவிடைச் சேவலைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். இரண்டு வாரம் தனியாக அடைத்து வைத்துவிட்டு மந்தையில் விடுங்கள்.

அப்படிச் சேவல் கிடைக்கவே இல்லையென்றால் ஒரு வழி உண்டு. சேவலுக்குப் பதிலாக முட்டை வாங்குங்கள். தூரத்து உறவினர் வீட்டில், சிறுவிடைச் சேவலோடு மட்டும் திரியும் பெட்டை இட்ட முட்டையாக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் பழையது வேண்டாம். உமியில் புதைத்து, குலுங்காமல் கொண்டு வாருங்கள். வந்ததும் அகன்ற முனை மேலே இருக்கும்படி அரை நாள் வைத்துவிட்டு, உங்கள் அடைக்கோழிக்குப் பத்து முட்டை வையுங்கள். 21 நாளில் பொரிக்கும். குஞ்சுகளின் காலில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள், வளர வளர நூலைத் தளர்த்திக் கட்டுங்கள். அதிலிருந்து வரும் சேவல் ஏழெட்டு மாதத்தில் தயார். அதுவரை பழைய சேவலை விற்க வேண்டாம், அதன் மகள்களை மட்டும் தனியாக அடைத்து வையுங்கள்.