வைக்கோல் மடக்கி உழுத வயலில் மக்காச்சோளம் ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: நெல் அறுத்ததும் வைக்கோலை எரிக்காமல் மடக்கி உழுதேன். பத்து நாள் கழித்து மக்காச்சோளம் விதைத்தேன். இப்போது 25 நாள் பயிர், அடி இலைகள் மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன. வைக்கோல்தான் கெடுத்துவிட்டதா?

பதில்: எரிக்காமல் மண்ணுக்கே கொடுத்தீர்கள் பாருங்கள், அது நல்ல காரியம், எக்காரணம் கொண்டும் அதை விட்டுவிடாதீர்கள். தவறு வைக்கோலில் இல்லை, பத்தே நாளில் விதைத்ததில்தான்.

வைக்கோலை மக்க வைப்பது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்தான். அதற்கு வாய் கிடையாது. நொதி என்கிற கரைக்கும் பொருளை வெளியே கசியவிட்டு, வைக்கோல் தாளை வெளியிலேயே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். தாளில் மிச்சமிருக்கும் சர்க்கரையும் மாவுச்சத்தும் முதல் சில நாளிலேயே போய்விடும். அப்புறம் செல்லுலோஸ் என்கிற நார்ச்சத்து, அதற்கு வாரக்கணக்கில் ஆகும், பூஞ்சைகளுக்கு இதில் பெரிய பங்கு. லிக்னின் என்கிற கட்டைச்சத்து கடைசி, மாதக்கணக்கில் இழுக்கும்.

இத்தனையும் நடக்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும், சிக்கல் அங்கேதான். நுண்ணுயிரின் உடம்பில் 8 பங்கு கரிமத்துக்கு (கார்பன்) 1 பங்கு தழைச்சத்து இருக்கும், நெல் வைக்கோலிலோ 60, 70 பங்குக்குத்தான் ஒன்று. 1,000 கிலோ காய்ந்த வைக்கோல் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 400 கிலோ கரிமம். மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயுவாகப் போய்விடும், மீதி 130 கிலோ சொச்சம் நுண்ணுயிரின் உடம்பாகும். அதற்கு 16 கிலோ தழைச்சத்து வேண்டும், வைக்கோலில் இருப்பதோ 6 கிலோ சுமார். துண்டு விழும் 10 கிலோவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், வேரைவிட அவை முந்திக்கொள்ளும். அந்தச் சத்து எங்கும் போய்விடவில்லை, நுண்ணுயிர் செத்து மக்கும்போது பயிருக்கே திரும்பி வரும். ஆனால் 25 நாள் பயிர் அதுவரை பட்டினி கிடக்க முடியாதே.

முதலில் அடி இலையை உற்றுப் பாருங்கள். நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக மஞ்சள் உள்ளே ஓடினால் தழைச்சத்துக் குறைதான். குருத்து இலை வெளுத்தால் அது இரும்பு, கந்தகம் போன்ற வேறு குறை, யூரியா போட்டுப் பலனில்லை. தழைச்சத்துதான் என்றால், மேலுரத்தைத் தள்ளிப்போடாமல் இப்போதே வரிசையோரம் மண்ணுக்குள் இட்டு மூடி, லேசாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். வயல் முழுக்கத் தூவினால் வைக்கோலில் உள்ள நுண்ணுயிர்க் கூட்டமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். தண்ணீரைத் தேக்க மட்டும் வேண்டாம், காற்றுப் போக்கு இல்லாத மண்ணில் மக்குவதும் மந்தமாகும், அமிலம் சேர்ந்து வேரும் கறுக்கும்.

அடுத்த முறை தாளை நறுக்கி, மண்ணில் ஈரம் இருக்கும்போதே மேலாக உழுது, 1,000 கிலோ வைக்கோலுக்கு 20 கிலோ யூரியாவை அப்போதே கலந்துவிட்டு, 3, 4 வாரமாவது பொறுங்கள். நாள் எண்ணுவதைவிட மண்ணைத் தோண்டிப் பார்ப்பது மேல். ஒரு தாளை எடுத்து இரு கையாலும் இழுங்கள். பொன்னிறம் மாறாமல் விறைப்பாக நின்றால் விதைக்காதீர்கள். கறுத்து, வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்து, இழுத்ததும் பிய்ந்து வந்து, கைமண்ணில் முதல் மழை வாசனை அடித்தால் தாராளமாக விதைக்கலாம்.