சமூகவியல் பிறந்த கதை: கேள்விகளும் பதில்களும்

மார்க்ஸ், துர்க்கைம், வெபர் காலத்துச் சமூகவியல் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வகுப்பில் நான் எப்போதும் சொல்வதுதான்: கோட்பாடுகளை மனப்பாடம் செய்வதற்கு முன், இவர்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி எது என்று பாருங்கள். அது பிடிபட்டால் மீதி தானாக வரும்.

கேள்வி: சமூகவியலின் தந்தை அகஸ்ட் காம்ட் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவருக்கு முன்னால் யாருமே சமூகத்தைப் பற்றி யோசிக்கவில்லையா சார்? இப்னு கல்தூன் பெயரையும் சிலர் சொல்கிறார்களே?

நிறையப் பேர் யோசித்தார்கள். துனிஸில் 1332-ல் பிறந்த இப்னு கல்தூன், 1377-ல் எழுதிய முகத்திமா என்ற நூலில், அரசுகள் ஏன் எழுந்து விழுகின்றன என்று கேட்கிறார். பாலைவனத்தில் கஷ்டப்பட்டு வாழும் கூட்டத்துக்குள் ஒட்டுதல் பலமாக இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் அசபிய்யா. அந்தப் பலத்தில் நகரத்தைப் பிடிக்கிறார்கள், சுகவாழ்வில் சில தலைமுறைகளில் அந்த ஒட்டுதல் கரைகிறது, அடுத்த கூட்டம் வருகிறது. மன்னனின் குணத்தையோ விதியையோ காரணம் சொல்லாமல், கூட்டு வாழ்வுக்குள்ளேயே காரணத்தைத் தேடியவர் அவர். ஆனால் அவருக்குப் பின்னால் அதை ஒரு துறையாக வளர்க்க ஆட்கள் வரவில்லை.

ஐரோப்பாவில் அது துறையானதற்குக் காரணம் பிரெஞ்சுப் புரட்சியும் தொழிற்புரட்சியும் என்று எல்லாக் குறிப்புகளிலும் இருக்கும். அதற்குள் ஒரு விஷயத்தை மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள். பிரான்சில் கைவினைத் தொழில்களுக்கெல்லாம் சங்கங்கள் இருந்தன. யார் தொழில் பழகலாம், எத்தனை வருடம் பழக வேண்டும், சரக்கின் தரம் என்ன என்பதெல்லாம் சங்கத்தின் பொறுப்பு. உறுப்பினர் செத்தால் அடக்கத்துக்கும், விதவைக்கும் உதவிய சங்கங்கள் உண்டு. 1791 மார்ச்சில் ஒரு சட்டம் அவற்றைக் கலைத்தது. ஜூனில் வந்த லு ஷப்லியே சட்டம், தொழிலாளிகள் சேர்ந்து அமைப்பு வைப்பதையே தடை செய்தது. ஒரு பக்கம் அரசு, இன்னொரு பக்கம் தனி ஆள், நடுவே ஒன்றுமில்லை. அப்படியானால் மனிதர்களைச் சேர்த்துப் பிடித்து வைப்பது எது? இந்தத் துறையின் மூலக் கேள்வி இதுதான்.

காம்ட் 1798-ல் மோன்ட்பெலியேவில் பிறந்தவர். நெப்போலியன், திரும்பி வந்த மன்னராட்சி, 1830 புரட்சி, 1848 புரட்சி என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்த நாட்டில் வாழ்ந்தவர். பிரெஞ்சுச் சமூகச் சிந்தனையாளர் சான் சிமோனிடம் ஏழு வருடம் செயலாளராக இருந்துதான் தன் சிந்தனையை வளர்த்தார். மனித அறிவு இறையியல், மெய்யியல், அறிவியல் என மூன்று நிலைகளைக் கடக்கிறது என்றார். முதலில் "சமூக இயற்பியல்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெத்லே 1835-ல் அதே பெயரைத் தன் நூலில் பயன்படுத்திவிட்டதால் "சோசியாலஜி" என்ற பெயருக்கு மாறினார். அது அவருடைய ஆறு தொகுதிப் பெருநூலில், 1839-ல் வந்த நான்காம் தொகுதியில் இருக்கிறது.

கேள்வி: காம்ட்டின் தாக்கம் இன்றும் எங்காவது கண்ணுக்குத் தெரிகிறதா?

பிரேசில் கொடியைப் பாருங்கள். "ஒழுங்கும் முன்னேற்றமும்" என்ற வாசகம் காம்ட்டின் முழக்கத்திலிருந்து வந்தது. 1889-ல் குடியரசை நிறுவியவர்களில் அவருடைய சீடர்கள் இருந்தார்கள்.

கேள்வி: எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன் சார். சிந்தனையாளர்கள் தாளில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. உண்மையிலேயே யாரும் இல்லையா?

இருந்தார்கள் அம்மா. பாடத்திட்டத்தில்தான் இல்லை. ஹாரியட் மார்ட்டினோ 1802-ல் இங்கிலாந்தின் நாரிச்சில் பிறந்தவர். இளம் வயதிலேயே காது கேட்காமல் போனது. காதில் குழாய் வைத்துக்கொண்டு 1834 முதல் 1836 வரை அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். 1837-ல் வந்த அவருடைய "அமெரிக்காவில் சமூகம்" நூலின் முறையைக் கவனியுங்கள். எல்லா மனிதரும் சமம் என்று நீங்களே சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே உங்களை அளக்கிறேன் என்கிறார். பிறகு அடிமைகளின் நிலையையும் ஓட்டுரிமை இல்லாத பெண்களின் நிலையையும் எடுத்து வைக்கிறார். அடுத்த ஆண்டு, ஒரு சமூகத்தை எப்படிக் கவனிப்பது என்பதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். துர்க்கைமின் "சமூகவியல் முறையின் விதிகள்" வந்தது 1895-ல். எத்தனை காலம் முன்பு என்று பாருங்கள்.

காம்ட்டின் ஆறு தொகுதிகளை 1853-ல் இரண்டாகச் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தவரும் இவரே. அந்தச் சுருக்கம் காம்ட்டுக்கே மிகவும் பிடித்திருந்தது. பிறகு அது பிரெஞ்சுக்கே திரும்ப மொழிபெயர்க்கப்பட்டது. அவரை வெறும் "மொழிபெயர்ப்பாளர்" என்று ஒரு வரியில் முடிக்கும் புத்தகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: "தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்" டார்வின் சொன்னதா, ஸ்பென்சர் சொன்னதா?

ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864-ல். டார்வின் பின்னால் எடுத்துக்கொண்டார்.

கேள்வி: தற்கொலை என்பது ஒரு மனிதரின் தனிப்பட்ட துயரம். துர்க்கைம் அதைப் போய் எண்ணிக்கையாகப் பார்த்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதில் அப்படி என்ன கண்டுபிடித்தார்?

உங்கள் உறுத்தல் நியாயமானது. துர்க்கைம் வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தெடுத்தார். மிகத் தனிப்பட்டது என்று எல்லோரும் நினைக்கும் செயலிலேயே சமூகத்தின் கை இருக்கிறது என்று காட்டிவிட்டால், சமூகவியலுக்குத் தனியாக ஓர் இடம் உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது.

வேலை நடந்த விதம் முக்கியம். பிரெஞ்சு நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்த காப்ரியேல் தார்த் ஆவணங்களைப் பார்க்க வழி செய்தார். இத்தனைக்கும் தார்த், சமூகத்தைப் பற்றிய பார்வையில் துர்க்கைமின் நேர் எதிரி. சுமார் 26,000 இறப்புகளின் விவரங்களைத் துர்க்கைமின் சகோதரி மகன் மார்செல் மோஸ் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார். வயது, ஆணா பெண்ணா, மணமானவரா, குழந்தை உண்டா என்று வகைப்படுத்தினார். கணினி இல்லாத காலம், எல்லாம் கையால்.

அப்படி அடுக்கியபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஒவ்வொரு நாட்டின் விகிதமும் வருடா வருடம் ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. சாகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், விகிதம் மட்டும் மாறவில்லை. புராட்டஸ்டன்ட் பகுதிகளில் கத்தோலிக்கப் பகுதிகளைவிட அதிகம். இரண்டு மதமும் தற்கொலையைப் பாவம் என்றுதான் சொல்கின்றன. அதனால் போதனையில் காரணம் இல்லை. ஆட்களைச் சேர்த்துப் பிடிக்கும் வலுவில்தான் வித்தியாசம் என்றார். குழந்தைகள் உள்ள குடும்பத்தில் குறைவு. போர்க்காலத்தில் குறைவு.

எனக்கு இன்றும் வியப்பூட்டும் பகுதி பொருளாதாரம் பற்றியது. 1873-ல் வியன்னாவில் பங்குச் சந்தை விழுந்தபோது தற்கொலை கூடியது. இதை யாரும் ஊகிக்கலாம். ஆனால் 1870-க்குப் பிறகு இத்தாலி ஒன்றுபட்டுச் செழித்தபோதும் கூடியது. வறுமைதான் காரணம் என்றால் இது பொருந்தாது. திடீர் வளமும் சரி, திடீர் வீழ்ச்சியும் சரி, எதற்கு ஆசைப்படலாம், எவ்வளவு போதும் என்று சமூகம் போட்டு வைத்திருந்த அளவுகோலைக் குலைத்துவிடுகிறது என்றார். அனோமி என்று அவர் சொன்னது இந்த நிலையைத்தான்.

குறைகள் உண்டா? உண்டு. கத்தோலிக்க ஊர்களில் தற்கொலையை விபத்து என்று பதிவு செய்வது எளிது. அந்தச் சந்தேகம் அவருடைய எண்கள் மீது இன்றும் இருக்கிறது. பெண்களின் மனவாழ்வு ஆண்களைவிடக் குறைவாக வளர்ந்தது என்று எழுதியது அவர் காலத்து ஆணின் தப்பெண்ணம், அதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை. இன்னொன்று, ஒரு வீட்டில் ஒருவர் ஏன் போனார் என்பதற்கு அவருடைய விகிதம் பதில் சொல்லாது. சொல்ல அது வரவும் இல்லை.

1902-ல் "உழைப்புப் பிரிவினை" இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் பரிந்துரைத்தது என்ன தெரியுமா? அரசுக்கும் தனி ஆளுக்கும் நடுவே தொழில்வாரி அமைப்புகள் மறுபடி வர வேண்டும் என்பதை. 1791-ல் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்பத்தான் அவரும் முயன்றார்.

கேள்வி: யூ.பி.எஸ்.சி.-க்குச் சமூகவியல் விருப்பப் பாடம் எடுத்திருக்கிறேன். "மார்க்ஸ் பொருளை முதன்மைப்படுத்தினார், அவரை மறுத்து வெபர் மதத்தை முதன்மைப்படுத்தினார்" என்று எழுதினால் போதுமா?

எழுதாதீர்கள். 1904-05-ல் வந்த "புராட்டஸ்டன்ட் அறம்" கட்டுரைகளின் முடிவிலேயே வெபர் தெளிவாகச் சொல்கிறார்: ஒருதலையான பொருள்முதல் விளக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒருதலையான கருத்துமுதல் விளக்கத்தை வைப்பது என் நோக்கமில்லை என்று.

அவருடைய வாதத்தைப் படிப்படியாக எழுதுங்கள். யாருக்கு மோட்சம் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார், மாற்ற முடியாது என்பது புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினின் போதனை. அப்படியானால் "நான் தேர்ந்தெடுக்கப்பட்டவனா?" என்ற பதைப்பு ஒவ்வொருவரையும் அரிக்கும். பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டு ஆறுதல் அடைய வழியில்லை. தொழிலைக் கடவுள் இட்ட பணியாக எடுத்துக்கொண்டு ஒழுங்காக உழைப்பதும், அதில் வெற்றி பெறுவதும் தேர்வின் அடையாளமாகத் தெரிய ஆரம்பித்தன. வந்த பணத்தை ஆடம்பரமாகச் செலவழிப்பது பாவம். அப்புறம் அந்தப் பணம் எங்கே போகும்? தொழிலுக்குள்ளேயே திரும்பப் போகும். பணக்காரனாக வேண்டும் என்று அவர்கள் புறப்படவில்லை, அது வழியில் நேர்ந்தது.

மார்க்ஸ் பக்கமும் ஒன்று கவனியுங்கள். அந்நியமாதல் பற்றி நாம் படிக்கும் 1844 கையெழுத்துப் படிகள் முழுமையாக அச்சானது 1932-ல். வெபர் 1920-லேயே இறந்துவிட்டார், துர்க்கைம் 1917-ல். உழைப்பாளி தான் செய்த பொருளுக்கே அந்நியனாகிறான் என்று இளம் மார்க்ஸ் எழுதிய பக்கங்களை அவர்கள் இருவரும் பார்த்ததே இல்லை. மூவரும் ஒரே மேடையில் விவாதித்த மாதிரி விடை எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 1880-ல் பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்காக மார்க்ஸ் தயாரித்த நீண்ட கேள்விப் பட்டியலையும், 1892-ல் ஜெர்மனியில் எல்பா நதிக்குக் கிழக்கே பண்ணைத் தொழிலாளர் நிலை பற்றி வெபர் எழுதிய ஆய்வையும் சேர்த்து எழுதினால் விடை தனியாகத் தெரியும்.

கேள்வி: அந்த மூன்று பேர் மட்டும் மூலவர்கள் என்று யார் முடிவு செய்தது?

பின்னால் வந்தவர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ் 1937-ல் எழுதிய பெரிய நூலில் மார்ஷல், பரேட்டோ, துர்க்கைம், வெபர் என்று நால்வரை எடுத்தார். மார்க்ஸுக்கு அதில் அந்த இடம் இல்லை. 1960-களின் போராட்டங்களுக்குப் பிறகுதான் அவர் வரிசைக்குள் வந்தார். 1971-ல் அந்தோணி கிடென்ஸ் எழுதிய நூல் இந்த மூவர் அணியை உறுதியாக்கியது.

வெளியே விடப்பட்டவர்களில் எனக்குப் பெரிய மனக்குறை டு பாய்ஸ். அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர், ஹார்வர்டிலும் பெர்லினிலும் படித்தவர். 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது, ஆனால் வகுப்பெடுக்கும் பதவி தரவில்லை. புதிதாக மணந்த மனைவியோடு பிலடெல்பியாவின் ஏழாம் வார்டில் ஒரே அறையில் தங்கி, கறுப்பின மக்களின் வீடுகளுக்குத் தானே போய்க் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டார். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வேலை, என்ன கூலி, எவ்வளவு வாடகை. 1899-ல் வந்த நூலில் அவர் காட்டியது: அந்த மக்களின் வறுமைக்கு இனம் காரணமில்லை, அவர்களுக்கு மூடப்பட்ட வேலைகளும், கூடுதலாக வாங்கப்பட்ட வாடகையும், அடிமைமுறை விட்டுப்போன சுமையும்தான் காரணம். வெபருக்கு அவருடைய மதிப்பு தெரிந்திருந்தது. தான் நடத்திய இதழில் 1906-ல் டு பாய்ஸின் கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்கச் சமூகவியலுக்கு அதை ஒப்புக்கொள்ள நூறு வருடம் ஆனது.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம்? பெரிய புத்தகம் என்றால் பயமாக இருக்கிறது.

ஜார்ஜ் சிம்மல் 1903-ல் பெருநகரமும் மனவாழ்வும் பற்றி எழுதிய கட்டுரை. ஒரே உட்காரலில் முடியும். நகரத்து மனிதர் ஏன் எதற்கும் அசையாதவர் போல ஆகிறார் என்று கேட்கிறது. அப்புறம் மார்க்ஸின் "மூலதனம்" முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயம். தமிழிலேயே கிடைக்கிறது. அரசு விசாரணைக் குழுவின் அறிக்கைகளிலிருந்து குழந்தைத் தொழிலாளர் சாட்சியங்களை அப்படியே எடுத்து வைத்திருப்பார்.

கேள்வி: இவர்களுக்கும் நம் ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? வெபர் இந்து மதம் பற்றி எழுதியிருக்கிறாராமே?

எழுதினார், 1916-17-ல். இந்தியாவுக்கு வந்ததில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளையும் மொழிபெயர்ப்புகளையும் வைத்து எழுதினார். சாதியும் கர்மக் கொள்கையும் சேர்ந்து இங்கே முதலாளியம் தானாக முளைக்க விடவில்லை என்பது அவர் முடிவு. பின்னாளில் அமெரிக்க மானுடவியலாளர் மில்டன் சிங்கர் சென்னையின் இந்துத் தொழிலதிபர்களைச் சந்தித்துப் பேசி, வீட்டில் சடங்கும் ஆலையில் கணக்கும் இடிக்காமல் அவர்கள் வாழ்வதைக் காட்டினார்.

ஆனால் இந்தியாவைப் பற்றி வெபர் எழுதியதைவிட, வர்க்கம், தகுதிநிலை, அதிகாரம் என்று அவர் பிரித்துக் காட்டியதுதான் இங்கே நிஜமாகப் பயன்பட்டது என்பது என் கருத்து. இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து, அந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு காலத்தில் நிலம், சாதி மேன்மை, ஊர் அதிகாரம் மூன்றும் அக்ரகாரத்தில் ஒன்றாக இருந்தன. அவர் போன சமயத்தில் அவை பிரிய ஆரம்பித்திருந்தன. பலர் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஊர் அதிகாரம் பிராமணர் அல்லாதார் கைக்கு மாறியிருந்தது. 1965-ல் வந்த அந்த நூலை, தஞ்சைப் பக்கம் ஊர் உள்ளவர்கள் கட்டாயம் தேடிப் படியுங்கள்.