வீட்டுக்குள் நிற்கும் கேமரா

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் திரைப்படத் திறனாய்வு ஒரு தாள். வெள்ளிக்கிழமை செமினாருக்கு, ஜான் ஃபோர்டு 1956இல் எடுத்த ‘தி சர்ச்சர்ஸ்’ பற்றி எழுதிய கட்டுரையை இணைத்துள்ளேன். சப்டைட்டில் வைத்துத்தான் பார்த்தேன். தமிழ் மீடியத்தில் படித்த என்னால் இங்கிலீஷ் படத்தை விமர்சிக்க முடியுமா? எந்தக் கோட்பாட்டு நூலில் தொடங்கலாம்?

மு.

அன்புள்ள மு.,

சப்டைட்டில் ஒரு குறையே இல்லை. நூல் பட்டியல் இப்போது வேண்டாம்.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோபம்தான் வந்தது. ஆறு பக்கத்தில் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி நான்கு இடத்தில் வருகிறார். படத்தில் ஒரு கதவு திறக்கிறதே, அது ஓர் இடத்திலும் இல்லை. மல்வி 1975இல் எழுதிய அந்தக் கட்டுரையே ஹிட்ச்காக், ஸ்டெர்ன்பெர்க் படங்களை உற்றுப் பார்த்து எழுதியது, அம்மா. நீங்கள் அவர் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் பார்த்த பார்வையை விட்டுவிட்டீர்கள்.

திரை கறுப்பாக இருக்கிறது. கதவு திறந்த பிறகுதான் அது வீட்டுக்குள் இருக்கும் இருட்டு என்று தெரிகிறது. வெளியே வெயில், பாலை, தூரத்தில் குதிரையில் ஒருவன். கடைசியில் வேறொரு வீடு, அதே இருட்டு. கொமாஞ்சிகள் என்ற அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து மீட்டு வந்த பெண்ணோடு எல்லோரும் உள்ளே போகிறார்கள். ஜான் வெய்ன் நடித்த ஈதன் மட்டும் வாசலில் நிற்கிறான். இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான். திரும்பி நடக்கிறான். கதவு மூடுகிறது. (அப்படி நிற்பது ஹாரி கேரி என்ற பழைய நடிகரின் பாணி. அவர் மனைவி ஆலிவ் கேரிதான் அந்த வீட்டு அம்மாவாக நடித்தவர்.)

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அடுக்களை இருட்டிலிருந்து பார்த்தால் தெரு வெயில் ஒரு சிலேட்டு அளவுக்குத் தெரியும். வயல் பங்குத் தகராறில் ஒன்பது வருஷம் வராமலிருந்த பெரியப்பா, தாத்தா கருமாதிக்கு வந்தார். படியில் செருப்பைக் கழற்றினார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆச்சி ‘உள்ள வா’ என்று சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. செருப்பை மறுபடி மாட்டினார், கால் மாற்றி. முதுகுப் பக்கம் வெயில் என்பதால் முகம் தெரியவில்லை. ஆள் மட்டும் கறுப்பாக. எனக்குப் பத்து வயது. நானும் உள்ளேதான் இருந்தேன், நானும் கூப்பிடவில்லை.

ஃபோர்டு கேமராவை வீட்டுக்குள் வைத்ததால், அந்தக் கதவைச் சாத்துகிறவர்களில் நாமும் இருக்கிறோம். கொமாஞ்சிகள் மீது ஈதனுக்கு உள்ள வெறுப்பைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அந்த வெறுப்புதான் அவனை வெளியே நிறுத்துகிறது. ஆனால் உள்ளே நிம்மதியாக இருக்கிற வீடு யார் நிலத்தில் நிற்கிறது? காலனியம் என்று ஒன்பது தடவை எழுதியதைவிட, இந்த ஒரு கேள்வியைக் கதவிலிருந்து கேட்டிருக்கலாம்.

இன்னும் நாலு நாள் இருக்கிறது. போனில் பார்க்காதீர்கள், கல்லூரியில் பெரிய திரை கேளுங்கள். கடைசி ஒரு நிமிடத்தைச் சத்தமில்லாமல் பத்துத் தடவை பாருங்கள். கண்ணில் பட்டதை மட்டும், முதலில் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ராத்திரியானாலும் படித்துவிடுவேன்.