விசா மெடிக்கலும் பிள்ளைகளின் ஊசி கார்டும்: கேட்டதும் சொன்னதும்

தக்கலைப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் தம்பி குடும்பம் மூன்று பிள்ளைகளோடு அமெரிக்காவில் குடியேறக் கிளம்பியபோது, கார்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான்தான். அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் யாருடைய பெட்டிஷன் (குடியேற்ற மனு) கரண்ட் ஆனாலும், அதாவது விசாவுக்கு முறை வந்தாலும், கார்டு என் வீட்டு மேஜைக்கு வந்துவிடுகிறது. நீங்கள் கேட்டவற்றில் பலருக்கும் உதவக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேறு நாடு என்று சொல்லாத இடத்தில் எல்லாம் அமெரிக்கக் குடியேற்ற விசா என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் என்பது அந்த விசாவுக்காகச் செய்கிற மருத்துவப் பரிசோதனை.

சிஸ்டர், எனக்கு 6 வயதில் ஒன்று, 3 வயதில் ஒன்று. பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) ஒரு ஊசி விடாமல் போட்டிருக்கிறேன், கார்டு நிறைந்திருக்கிறது. அப்படியும் மெடிக்கலில் இன்னும் ஊசி போடச் சொல்வார்கள் என்கிறார்களே? (கருங்கல்)

சொல்வார்கள், உங்கள் மேல் தப்பே இல்லை. நம் அரசு அட்டவணையும் அவர்கள் அட்டவணையும் இரண்டு இடத்தில் ஒத்துப்போகாது. முதலாவது தட்டம்மை ஊசி. நாம் 9 மாதத்தில் ஒரு எம்.ஆர்., 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு எம்.ஆர். போடுகிறோம். அவர்கள் ஒரு வயது நிறையும் முன் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் 9 மாத ஊசி அவர்கள் கணக்கில் போடாத ஊசிதான். அது போக, எம்.ஆர். என்பது தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும், பொன்னுக்கு வீங்கி அதில் கிடையாது. அவர்களுக்கு மூன்றும் வேண்டும், எனவே ஒரு எம்.எம்.ஆர். போட்டாக வேண்டும். இரண்டாவது சின்னம்மை ஊசி, அரசு அட்டவணையிலேயே இல்லாதது, தனியாரிடம்தான் போட வேண்டும். இவை தவிர ஃப்ளூ சீசனாக இருந்தால் அந்த ஊசியும் உண்டு.

சின்னவளுக்கு 5 வயது ஆகாததால் ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமிக்கு எதிரான ஊசி), நிமோனியா ஊசி இரண்டையும் பார்ப்பார்கள். ஹிப் எங்கே என்று கார்டில் தேடிப் பதற வேண்டாம், பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி) என்று எழுதியிருப்பதற்குள் அது இருக்கிறது, மஞ்சள் காமாலை பி-யும் அதற்குள்தான். (2011 டிசம்பரில் பென்டாவேலன்ட்டை நாட்டிலேயே முதலில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளாவும்தான். அந்தக் குப்பியை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்குக் கொஞ்சம் பயம்தான்.) வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்து 8 மாதத்தோடு முடிந்தது, அதை வயது தாண்டிவிட்டது என்று குறித்து விட்டுவிடுவார்கள்.

எல்லா டோஸும் முடித்தால்தான் விசா தருவார்களா? சின்னம்மை ஊசி இரண்டு டோஸ், நடுவில் மூன்று மாதம் என்கிறார் டாக்டர். எங்களுக்கு இன்டர்வியூ அடுத்த மாதம். (குளச்சல்)

வேண்டாம். இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் தேதியைத் தள்ளிப் போடுகிறார்கள். வயதுக்கு உரிய ஒவ்வொரு ஊசியிலும் அன்றைக்குப் போட முடிந்த டோஸைப் போட்டிருந்தால் போதும், அடுத்த டோஸுக்கு இடைவெளி ஆகவில்லை என்று மருத்துவரே படிவத்தில் குறிப்பார், மிச்சத்தை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஊசி ஒத்துக்கொள்ளாத உடல்நிலை இருந்தாலும் அப்படித்தான் குறிப்பார்கள்.

முன்கூட்டியே இங்கேயே போட்டுவிட்டுச் சென்னைக்குப் போகலாமா? (மார்த்தாண்டம்)

போகலாம், ஆனால் நாள் பார்த்துப் போடுங்கள். தம்பி வீட்டில் பட்டதைச் சொல்கிறேன். மெடிக்கலுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தனியார் மருத்துவமனையில் நடுப்பிள்ளைக்கு எம்.எம்.ஆர். போட்டார்கள். நான் அன்றைக்கு ஊரில் இல்லை, இருந்திருந்தாலும் தடுத்திருப்பேனா தெரியாது, எனக்கே அப்போது இந்த விஷயம் தெரியாது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய்ச் சேர்ந்தால், காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையை இப்போது எடுக்க முடியாது, நாலு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் உயிர்க்கிருமி ஊசிகள். அவற்றைப் போட்ட நாளிலேயே ரத்தம் எடுக்கலாம், இல்லையென்றால் நாலு வாரம் கழிய வேண்டும். இரண்டு ஊசிக்கும் நடுவிலும் இதே கணக்குதான்: ஒரே நாளில் இரண்டையும் போடலாம், தவறினால் 28 நாள் இடைவெளி.

ஆகவே கையில் ஆறு வாரம் இருந்தால் இங்கேயே இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் தொடவே வேண்டாம், மெடிக்கல் நடக்கிற இடத்திலேயே ரத்தம் எடுத்துவிட்டு ஊசி போடட்டும். தூதரகம் அங்கீகரித்த மருத்துவர் செய்கிற மெடிக்கல் மட்டும்தான் செல்லும், பட்டியல் தூதரக இணையதளத்தில் இருக்கிறது.

பி.சி.ஜி. தழும்பு இருந்தால் டி.பி. பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டுமாமே? (இரணியல்)

பி.சி.ஜி. என்பது பிறந்ததும் போடுகிற காசநோய்த் தடுப்பூசி. தோலில் ஊசி குத்தித் தடிப்பைப் பார்க்கிற பழைய சோதனையில் அப்படிக் காட்டலாம். இப்போது 2 முதல் 14 வயது வரை உள்ள நம் பிள்ளைகளுக்கு எடுப்பது இக்ரா என்கிற ரத்தப் பரிசோதனை, பி.சி.ஜி.யால் அது மாறாது. பாசிட்டிவ் வந்தால் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், அதற்காக விசா போய்விட்டது என்று அழ வேண்டாம்.

ஒக்கி புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி மகனின் கார்டு கூழாகிவிட்டது. 2015-இல் பிறந்தவன். இப்போது என்ன செய்ய? (முன்சிறை)

முதலில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது துணை மையத்தில் போட்டீர்களோ அங்கே போங்கள். எங்கள் தடுப்பூசிப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், அம்மா பெயர், தேதி எல்லாம் கையால் எழுதியிருப்போம். புதன்கிழமை போகாதீர்கள், அது ஊசி நாள், அந்தக் கூட்டத்தில் பழைய பதிவேடு தேட யாருக்கும் கை ஒழியாது. கிடைத்தால் மருத்துவ அலுவலர் கையெழுத்து, முத்திரையோடு புதுக் கார்டு வாங்குங்கள். கிடைக்கவே இல்லையென்றால் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, மஞ்சள் காமாலை பி, சின்னம்மை இவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து அதையே சான்றாக எடுத்துக்கொள்வார்கள். மற்றதைத் திரும்பப் போட வேண்டியதுதான். ஏற்கெனவே போட்ட தடுப்பூசியை இன்னொரு தடவை போடுவதால் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

தெரிந்த ஒருவர் பழைய தேதி போட்டு கார்டு முழுவதையும் எழுதித் தருகிறேன் என்கிறார். (ஊரைப் போட வேண்டாம் என்றார்கள்)

வேண்டாம் மக்கா. ஒரே பேனா, ஒரே மை, ஏழு வருடத்து ஊசி: பார்த்த உடனே தெரியும். ஊசி குறைந்தால் போட்டு அனுப்புவார்கள், பொய் எழுதிப் பிடிபட்டால் அது விசா மோசடி, வாழ்நாள் தடை வரைக்கும் போகும்.

கார்டில் என் மகள் பெயரே இல்லை, 'பேபி ஆஃப்' என்று என் பெயர்தான் இருக்கிறது. செல்லுமா? (தோவாளை)

பத்துக் கார்டில் ஆறு இப்படித்தான் வருகிறது. பிரசவ வார்டில் எழுதுவது, அப்போது பெயர் ஏது? போட்ட இடத்தில் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி எழுதி முத்திரை வாங்குங்கள், கூடவே பிறப்புச் சான்றிதழும் இருக்கட்டும். இன்னொன்று, 05/03/2021 என்று எழுதினால் நமக்கு மார்ச் 5, அவர்களுக்கு மே 3. மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 'மார்ச் 2021' என்று நாள் இல்லாமல் எழுதியதையும் நம்பிப் போகாதீர்கள், நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும்.

பையனுக்கு நாலு வயதில் அம்மை போட்டுவிட்டது. டாக்டரிடம் போகவில்லை, வேப்பிலை வைத்து வீட்டிலேயே பார்த்தோம். இனி அந்த ஊசி வேண்டுமா? (அகஸ்தீஸ்வரம்)

வந்தது சின்னம்மைதான் என்று மெடிக்கல் மருத்துவருக்கு நம்பிக்கை வந்தால் ஊசி தேவையில்லை. எப்போது வந்தது, கொப்புளம் எப்படி இருந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். நாம் தட்டம்மையையும் அம்மை என்கிறோம், சின்னம்மையையும் அம்மை என்கிறோம், குழப்பமே அங்கேதான். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

கணவர் ஹெச்-1பி. நானும் மகனும் ஹெச்-4. எங்களுக்கும் இதெல்லாம் உண்டா? (நாகர்கோவில்)

ஹெச்-1பி தற்காலிக வேலை விசா, ஹெச்-4 அவர் குடும்பத்துக்கு. இந்த விசாவுக்கு இல்லை. சுற்றுலா விசா, மாணவர் விசாவுக்கும் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் அங்கே பள்ளியில் சேர்க்கிற அன்று கேட்பார்கள், பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கே நம் பிள்ளைகள் மாட்டுவது போலியோவில். 2016 ஏப்ரலுக்குப் பின் கொடுத்த சொட்டு மருந்தை அந்த ஊர் டாக்டர்கள் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் அதில் மூன்று வகைக் கிருமிக்குப் பதில் இரண்டுதான் இருக்கிறது. ஊசியாகப் போட்டதைத்தான் எண்ணுவார்கள், நாலு வயதுக்கு மேல் ஒரு டோஸும் கேட்பார்கள். அதனால் ஐ.பி.வி. (போலியோ ஊசி) போட்ட தேதிகள் கார்டில் பளிச்சென்று தெரியட்டும்.

கொரோனா ஊசி? பெண்பிள்ளைக்கு எச்.பி.வி.? (குலசேகரம்)

கொரோனா 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக இருந்தது, 2025 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். எச்.பி.வி. கட்டாயம் 2009 டிசம்பரோடு முடிந்தது. விசாவுக்கு வேண்டாம் என்பதால் போடவே வேண்டாம் என்று அர்த்தமில்லை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி அது, என் பேத்திக்குப் போட்டாயிற்று. 11 முதல் 18 வயது என்றால் மெனிஞ்சைட்டிஸ் ஊசி ஒன்று உண்டு, அதைப் பலரும் மறக்கிறார்கள்.

எங்கள் சபையில் ஊசி மருந்து எடுப்பதில்லை. விலக்கு உண்டா? (விளவங்கோடு)

உண்டு, ஐ-601 என்ற படிவம் போட்டுக் கேட்க வேண்டும். எல்லாத் தடுப்பூசியையும் மறுக்கிறவர்களாக இருக்க வேண்டும், அது உண்மையான மத நம்பிக்கை அல்லது மனசாட்சி என்று காட்ட வேண்டும். இது வேண்டும் அது வேண்டாம் என்றால் கிடைக்காது. கட்டணமும் காத்திருப்பும் இருக்கிறது, வக்கீலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நர்ஸ் வேலைக்கு யு.கே. போகிறேன், பிள்ளைக்கு 5 வயது. (திருவட்டாறு)

விசாவுக்கு ஊசி கேட்பதில்லை, ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் டி.பி. சோதனை மட்டும் உண்டு, 11 வயதுக்குக் கீழே எக்ஸ்ரே எடுப்பதில்லை. கனடா குடியேற்ற மெடிக்கலிலும் ஊசி கட்டாயமில்லை. ஆஸ்திரேலியாவில் விசா கிடைத்துவிடும், அங்கே போய் அரசின் குடும்ப உதவித்தொகை வாங்குகிற இடத்தில் பிள்ளையின் ஊசிக் கணக்கைக் கேட்பார்கள். எங்கே போனாலும் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரே நாளில் மூன்று நாலு ஊசி போட்டால் பிள்ளை தாங்குமா? என் மாமியார் கிடந்து சத்தம் போடுகிறார். (கருங்கல் அம்மாவே மறுபடியும்)

மாமியாரிடம் சொல்லுங்கள், ஒன்றரை மாதக் குழந்தைக்கே ஒரே நாளில் பென்டாவேலன்ட், நிமோனியா ஊசி, ஐ.பி.வி. என்று மூன்று குத்து, அது போதாதென்று இரண்டு சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியவள் நான். தாங்கும். ராத்திரி காய்ச்சல் வரலாம், எம்.எம்.ஆருக்கு ஒரு வாரம் கழித்துக்கூடச் சூடு வரும், பயப்பட ஒன்றுமில்லை. அழத்தான் செய்வாள். ஊசி முடிந்ததும் கையில் கொடுக்க இரண்டு மட்டிப்பழம் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், சென்னையில் அது லேசில் கிடைக்காது.